கயிறு கட்டுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. என் குறை இதுதான்: கடலுக்குப் போகிறவரின் படகுக்குக் காப்பீடு கொடுக்கிற அலுவலகம், எப்போது இழப்பீடு கோர வேண்டும் என்னும் நிபந்தனையை ஆறாம் பக்கத்தின் அடியில், எறும்பளவு எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டிருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டு திருவொற்றியூரில் ஆசிரியப் பணி செய்தவன் நான். எனக்கே அதைப் படிக்கக் கண்ணாடியும் பொறுமையும் தேவைப்பட்டன.

அதை என்னிடம் கொண்டுவந்தவர் எங்கள் குப்பத்து ஜூடி. அவர் கணவர் ஜெரிக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. அந்தக் குடும்பத்துக்கு வேறு வருவாய் இல்லை. ஜூடியின் அண்ணன் படகு முந்தைய ஆண்டு தரைதட்டியபோது, அவர் முதலில் படகைச் சரிசெய்து, ரசீதுகளைச் சேர்த்து, பதினோராம் நாள் அலுவலகம் போனார். மருத்துவக் காப்பீட்டில் செலவு செய்துவிட்டு ரசீது காட்டித்தானே கேட்கிறார்கள் என்று நினைத்தார். தாமதம், ஆய்வுக்கு முன்பே பழுதுபார்ப்பு என இரண்டு காரணம் காட்டி மனுவைத் திருப்பிவிட்டார்கள். அதனால்தான் ஜூடி ஆறாம் பக்கத்தை எனக்கு முன்னால் வைத்தார். தரைதட்டிய உடனே தெரிவிக்க வேண்டும், சேதம் பெருகாமல் படகைக் காக்க வேண்டும், ஆய்வாளர் பார்க்கும்வரை பழுதுபார்க்கக் கூடாது என்று படித்துச் சொன்னேன்.

சென்ற மாதம் இருபத்தொன்றாம் தேதி காலை, எண்ணூர் முகத்துவாரத்து மணல்திட்டில் ஜெரியின் படகு ஏறிவிட்டது. மணலுக்குள் புதைந்திருந்த கல்லொன்று அடிப்பக்கத்தைக் கிழித்தது. எங்கள் பக்கத்தில் படகு தட்டினால் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் கயிற்றோடு ஓடுவார்கள். அன்றும் நாற்பது பேர் இடுப்பளவு நீரில் நின்றார்கள். ஜூடி மட்டும் கயிறு கட்ட விடாமல் கைப்பேசியை உயர்த்தினார்.

"தண்ணி ஏறிக்கினு கீது, நீ இன்னா போட்டோ புட்ச்சிகினு கீற?" என்றார் ஜெரி.

"ரெண்டு நிமிசம் பொறு. எங்கண்ணன் கதிய நீ பாக்கல?"

சாய்ந்து கிடந்த படகின் விரிசலைப் படமெடுத்தார். பிறகு அலுவலகத்தின் எண்ணை அழைத்தார். முதலில் இந்தியில் பேசிய மறுமுனைக் குரல், நெடுநேரம் கழித்துத் தமிழுக்கு வந்து, பதிவு எண் ஒன்றைச் சொன்னது. அந்த எண்ணைத் தம் உள்ளங்கையில் எழுதிக்கொண்டுதான் கயிற்றைக் கட்ட விட்டார். படகு கரையேறியது.

அடுத்த நான்கு நாள்கள் ஜூடிக்கு எளிதாக இருக்கவில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து ஃபைபர் ஒட்டும் அப்சல் இரு முறை வந்து, வேலை இல்லாமல் தேநீர் குடித்துவிட்டுப் போனார். அக்கம்பக்கத்துப் படகுகள் இறால் கொண்டுவந்தன. காகிதத்துக்குப் பயந்து படகைக் காயப்போட்டிருக்கிறாள் என்று மீன் விற்கும் தங்கபுஷ்பம் தெரு முழுக்கச் சொன்னார். ஜெரி மனைவியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ஐந்தாம் நாள் ஆய்வாளர் தௌசீஃப் வந்தார். காகிதத்தைப் படித்துச் சொல்ல நானும் போயிருந்தேன். விரிசல் தட்டியபோது விழுந்ததா, இழுத்தபோது விழுந்ததா என்று அவர் கேட்டார். இழுத்தபோது விழுந்ததென்றால் இழப்பீடு கிடைப்பது கடினம்.

படகை மீட்ட பெருமை எங்கள் ஆட்களுக்குப் பட்டயம் போன்றது. அன்று முன்பக்கக் கயிற்றைப் பிடித்து இழுத்த தீபன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"நாப்பது பேரு சார். நாங்க இஸ்த்த இஸ்ப்புல அடியே பொளந்துகிச்சின்னா பாத்துக்கோயேன்."

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஆய்வாளரின் பேனா நின்றது.

"தீபண்ணே, உன் பலத்த அப்பால அளந்துக்கலாம்," என்ற ஜூடி, கைப்பேசியை ஆய்வாளரிடம் நீட்டினார். "இத்த பாரு சார். ஆறே முக்கால் மணி. வெரிசல் கீது. கயிறு எங்கனா கீதா?"

இல்லை. படத்தில் சாய்ந்த படகும், முழ நீள விரிசலும், கைகளைப் பிசைந்துகொண்டு நின்ற ஜெரியும் மட்டுமே. ஆய்வாளர் படத்தை இருமுறை பெரிதாக்கிப் பார்த்தார், அலுவலகத்தின் பதிவு நேரத்தோடு ஒப்பிட்டார், எழுதிக்கொண்டார். பழுதுபார்க்கலாம் என்று அவர் சொன்ன அன்று பகலிலேயே அப்சல் வேலையைத் தொடங்கினார். தீபன் சிறிது நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, அப்சலுக்கு உதவியாக ஃபைபர் தகட்டைத் தேய்க்க உட்கார்ந்தார்.

கோரிக்கை ஏற்கப்பட்டதாக நேற்றுக் கடிதம் வந்தது. ஜெரி கடலிலிருந்து திரும்பியதும் அதை மனைவியிடமே கொடுத்து, "நீயே வச்சிக்கோ, நீ வாங்கனது," என்றார். ஜூடி சிரித்ததை நான் பார்த்தேன். மனம் நிறைந்தது.

ஆயினும் என் குறை தீரவில்லை. ஆறாம் பக்கம் இன்னும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஆகவே, படகு வைத்திருக்கும் வாசகரே, உங்களிடம் கேட்கிறேன். உங்கள் நிபந்தனைகளைத் தமிழில் எழுதித் தருமாறு இந்த வாரமே அலுவலகத்துக்குக் கடிதம் போடுங்கள். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதை இப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைப் படகின் உட்புறத்தில், நீர் படாத இடத்தில், பெரிய எழுத்தில் எழுதிவிட்டு வாருங்கள்.