பின்னால் போய் ஏறுகிறவள்

வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இரண்டாவது பிளாட்பாரத்தில் நின்றார்கள். பில்லக்கா முதலாவதில் நின்றாள். நகரத்துக்குப் போகிற வண்டி அந்தப் பக்கம், நகரத்திலிருந்து வருகிற வண்டி இந்தப் பக்கம். ஏழு ஐந்துக்கு வருகிற வண்டியில் ஏறி, இரண்டு ஸ்டேஷன் பின்னால் போய், கடைசி ஸ்டேஷனில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அதே வண்டி நகரத்துக்குத் திரும்பும். இருபது நிமிஷம் வீண்தான். ஆனால் உட்கார இடம் கிடைக்கும். தன் ஸ்டேஷனிலேயே நேராக ஏறினால், எள் போட்டால் எள் விழாது.

பில்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. ஏழு மாடிக் கடை ஒன்றின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பில்லை வாங்கி, பையை ஒரு பார்வை பார்த்து, பில்லில் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பது அவள் வேலை. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஏழு வரை. சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம், அதுவும் மாடிப்படிக்குக் கீழே நின்றபடி. பதினோரு வருஷமாக அதே வாசல். பஞ்ச் பிடித்துப் பிடித்து அவளுடைய கட்டைவிரல் கொஞ்சம் வெளியே வளைந்திருந்தது.

பேரை வைத்தவள் ரேடியோ. ஆபீஸ்களில் தரை துடைப்பவள். பெண்கள் பெட்டியில் ஏறியதிலிருந்து இறங்குகிறவரை வாய் ஓயாது என்பதால் அவளுக்கு அந்தப் பேர். பின்னால் போய் ஏறுகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. கடைசி ஸ்டேஷனில் வண்டி அசைந்து மறுபடி கிளம்பும்போதெல்லாம், "போன மச்சான் திரும்பி வந்தான்டி" என்பாள். தினமும் சொல்வாள். யாராவது ஒருத்தியாவது தினமும் சிரிப்பாள்.

பில்லக்காவின் இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் இருந்தது. ஒன்பது மாசமாக ஆறவில்லை. நரம்பு சுருண்டு, தோல் கறுத்து, பிறகு ஒரு நாள் தானாகத் திறந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்தபடியே சொன்னார். "நிக்கக் கூடாதும்மா. உக்காரும்போது காலைத் தூக்கி வைங்க. நின்னா ஆறாது."

"எத்தன நாளைக்கு சார்?"

"ஆறுற வரைக்கும்."

போகிற ஒரு மணி பத்து நிமிஷம்தான் அவளுக்கு உட்காருகிற நேரம். ரேடியோ எதிரில் உட்கார்ந்து, தன் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, "வையி காலை" என்பாள். பையின் மேல் கால் இருக்கும். பையில் சூடு இருந்தாலும் பில்லக்காவுக்குத் தெரியாது. பாதம் மரத்துப் போயிருந்தது.

வீட்டுக்காரர் தண்ணீர் கம்பெனியில் கேன்களுக்கு மூடி போடுகிறவர். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கட்டை அவிழ்த்து, துணியில் ஊறியிருக்கிற ஈரத்தைப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்த அளவு மூடி அளவுதான். "இன்னிக்கு ஒரு மூடி." "இன்னிக்கு ஒண்ணரை மூடி." போன மாசம் ஒரு மூடிக்கு மேல் போகவில்லை. "குறையுதுடி. பாரேன், ஓரம் காஞ்சிருக்கு" என்று அவர் துணியை விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

அப்போதுதான் ரயில் பாதையை நீட்டினார்கள். கடைசி ஸ்டேஷனுக்கு அப்பால் நாலு புது ஸ்டேஷன். முதல் நாள் வண்டிக்குக் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். பில்லக்கா வழக்கம்போலப் பின்னால் போனாள். பழைய கடைசி ஸ்டேஷனில் வண்டி திரும்பவில்லை. மேலே போகப் பார்த்தது. எல்லாரும் அடித்துப் பிடித்து இறங்கினார்கள். எதிர்ப் பக்கம் வந்து நின்ற வண்டியில் ஏற்கெனவே ஆள் நிரம்பியிருந்தது. புது ஸ்டேஷன்காரர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் வேலைதான். ஒருத்தி மடியில் தூங்குகிற குழந்தை இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் நின்றுகொண்டே போனாள். நின்றுகொண்டே வேலை பார்த்தாள். சிக்னல் சரியில்லை என்று வண்டி இரண்டு நாள் நடுவழியில் நின்றது. இரண்டு நாளும் லேட். மூன்று லேட் ஆனால் ஆளை மாற்றிவிடுவார்கள் என்பது கடைச் சட்டம்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரிடம் கேட்டாள். அவளைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவன்.

"சார், ஒரு ஸ்டூல் போட்டுக்கிட்டா... கூட்டம் இல்லாதப்ப மட்டும்."

"அக்கா, உங்களுக்குக் குடுத்தா மாடியில இருக்கிற முப்பது பொண்ணுங்களும் கேக்கும். நான் ஸ்டூலுக்கு எங்க போவேன்?"

"மூணாவது மாடியில விக்கிறோமே சார்."

அவன் சிரித்துவிட்டான். நல்ல பையன்தான். "வாய் மட்டும் குறையல உங்களுக்கு. வாசல்ல ஆள் உக்காந்திருந்தா கஸ்டமருக்கு மரியாதையா இருக்காதுக்கா. திங்கக்கிழமையிலேர்ந்து நேரத்துக்கு வாங்க, அது போதும்."

அன்று ராத்திரி வீட்டுக்காரர் துணியை விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டவில்லை. துணியை மடித்து வாளியில் போட்டுவிட்டு, "நாலு மூடி இருக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேடியோ ஒரு யோசனையோடு வந்தாள். "நாளைக்கு நாமளும் புதுக் கடைசிக்கே போயிடுவோம்க்கா. ஆறரைக்கே ஏறுவோம். தூக்கம் போனாப் போவுது."

"நம்ம பாஸ் பழைய கடைசியிலேர்ந்துதானேடி."

"நாம அங்க எறங்கவா போறோம்? எறங்காத ஊருக்கு எதுக்கு டிக்கெட்டு?"

பில்லக்காவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. இத்தனை வருஷம் பாஸை வீட்டு ஸ்டேஷனிலிருந்து எடுக்காமல், பழைய கடைசியிலிருந்து சேர்த்து எடுத்தவள் அவள். அது ஏறுகிற இடம். இது சும்மா திரும்புகிற இடம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில், புதுக் கடைசி ஸ்டேஷனில் எல்லாம் பளபளவென்று இருந்தது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். பில்லக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ரேடியோ எதிரில் உட்கார்ந்து மடியில் பையை வைத்தாள். "வையி காலை." காலை வைத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு கால் தரையைவிட்டு மேலே இருந்தது. பில்லக்கா கண்ணை மூடினாள்.

"டிக்கெட் காட்டுங்க."

டிக்கெட் பரிசோதிக்கிற பெண் அந்தக் கோடியில் ஏறியிருந்தாள். ரேடியோ காலை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தாள். "எந்திரிக்கா. அடுத்த பெட்டிக்கு ஓடிடலாம். எந்திரி." அவள் போய்விட்டாள். பில்லக்கா எழுந்தாள். மரத்த கால் தரை எது என்று தேடியது. இரண்டு அடி வைப்பதற்குள் பரிசோதகர் முன்னால் நின்றாள்.

"பாஸ் பழைய ஸ்டேஷன் வரைக்கும்தானே இருக்கு. இங்க எங்க இறங்கணும்?"

"எறங்கல மேடம். இதுலயே திரும்பிப் போவேன்."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"உக்கார."

அவள் பில்லக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "உக்காரவா? நானும்தான் காலையில அஞ்சு மணியிலேர்ந்து நிக்கிறேன். யார்கிட்டப் போய்ச் சொல்றது? எறங்குங்க."

அபராதம் கட்டுகிற அளவுக்குப் பில்லக்காவின் பர்ஸில் பணம் இல்லை. "அப்ப ஆபீசர் வர்ற வரைக்கும் இருக்கணும்" என்றாள் பரிசோதகர். பிளாட்பாரத்தில் நடக்கும்போது வண்டி கிளம்பியது. பெண்கள் பெட்டியில் ரேடியோ பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள். எதிர் சீட்டில் அவளுடைய கைக்குட்டை விரித்துக் கிடந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

ஆபீஸ் அறையில் ஒரு நீள பெஞ்சு இருந்தது. புதுசு. காலில் சுற்றிய பிளாஸ்டிக் தாளை இன்னும் பிரிக்கவில்லை. பரிசோதகர் அதைக் காட்டி, "உக்காருங்க" என்றாள். பதினோரு வருஷத்தில் யூனிபார்ம் போட்ட யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை. உட்கார்ந்தாள். அறையில் வேறு ஆள் இல்லாதபோது காலைத் தூக்கி பெஞ்சின் மேல் நீட்டிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் ஏழேகால். பிறகு எட்டே முக்கால். பிறகு ஒன்பது.

ஒன்பது பத்துக்குச் சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

"சார், நான் ரயில்ல மாட்டிக்கிட்டேன் சார். வந்துடுறேன்."

"வேணாம்க்கா. மேனேஜர் பாத்துட்டாரு. மாடியிலேர்ந்து ஒரு பொண்ண வாசல்ல நிறுத்தச் சொல்லிட்டாரு." பின்னால் கடையின் பாட்டுச் சத்தம் கேட்டது. "நாலாவது மாடியில ஒரு எடம் காலியாச்சுன்னா சொல்றேன். ஒண்ணாந்தேதி வந்து கணக்கை முடிச்சுக்கோங்க. யூனிபார்மைத் துவைச்சுக் கொண்டாந்துடுங்க."

"சரி சார்."

"கால் எப்படி இருக்கு?"

"இருக்கு சார்."

ஆபீசர் பத்தரைக்கு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளில் எழுதினார். "காரணம்?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'டிக்கெட் இன்றிப் பயணம்' என்று எழுதினார். ஒரு வாரத்தில் வந்து கட்டச் சொல்லித் தாளைக் கிழித்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கி மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாளின் மூலையில் ஒரு தடவை அழுந்தின. பிறகு மடித்துப் பையில் வைத்தாள்.

பதினோரு மணி வண்டி காலியாக நின்றது. பெண்கள் பெட்டியில் அவள் ஒருத்திதான். எந்த சீட் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். காலையில் உட்கார்ந்த அதே இடத்துக்குப் போனாள். எதிர் சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து அதன் மேல் காலை வைத்தாள். மின்விசிறிகள் காலி சீட்டுகளுக்கு மேல் சுற்றின.

நாலு புது ஸ்டேஷன் போயிற்று. பழைய கடைசி போயிற்று. அவளுடைய ஸ்டேஷன் வந்தது. வண்டி நின்றது. கூரைக்குப் பின்னால் தண்ணீர் தொட்டியும் அவர்கள் தெருமுனையும் தெரிந்தன. இந்நேரம் வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே கேட்பாள். பில்லக்கா எழுந்திருக்கவில்லை. வண்டி கிளம்பியது.

நடுவில் பாசிமணி விற்கிறவள் ஒருத்தி ஏறினாள். "என்னக்கா, கால்ல அடியா?" என்றாள்.

"புண்ணு."

"நீட்டி வச்சிக்கோ. இந்நேரத்துக்கு யாரு வரப் போறா. மகாராணி வண்டிதான் இது."

நகரம் வந்தது. இறங்கவில்லை. வண்டி திரும்பியது. பழைய கடைசி ஸ்டேஷனில் மட்டும் ஞாபகமாக இறங்கி, எதிர்ப் பக்கம் போய், நகரத்துக்குப் போகிற வண்டியில் ஏறினாள். உட்கார இடம் இருந்தது. இரண்டு மணிக்குச் சாப்பாட்டைப் பிரித்து உட்கார்ந்தே சாப்பிட்டாள். மறுபடி நகரம். மறுபடி பழைய கடைசி. வெளியே கட்டடங்கள் இந்தப் பக்கமாகப் போயின, பிறகு அந்தப் பக்கமாகப் போயின. எதையும் நினைக்கவில்லை. நகரத்தில் சாயங்காலக் கூட்டம் ஏறுவதற்குள் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டு, வழக்கமான நேரத்துக்குத் தன் ஸ்டேஷனில் இறங்கினாள்.

வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்தார். அவள் காலை அவர் மடியில் வைத்தாள். கட்டை அவிழ்க்க அவிழ்க்க அவர் கை வேகமாயிற்று. கடைசிச் சுற்றை எடுத்ததும் துணியை விளக்குக்கு நேரே பிடித்தார்.

"அடியே, பாத்தியா! அரை மூடி கூட இல்லடி."

துணியில் நடுவில் ஒரு சின்ன மஞ்சள் வட்டம். சுற்றிலும் வெள்ளையாக, காய்ந்து இருந்தது.

"இன்னிக்கு உக்கார எடம் கெடைச்சுதா?"

"ம். கெடைச்சுது."

"போகும்போதா வரும்போதா?"

"ரெண்டு பக்கமும்."

"இப்படியே தினமும் உக்காந்துட்டுப் போ" என்றார் அவர். புதுத் துணியைக் கிழித்துக் கணுக்காலைச் சுற்றத் தொடங்கினார். சுவரில் ஆணியில், நாளைக்குப் போட வேண்டிய இரண்டாவது யூனிபார்ம் துவைத்து, தேய்த்து, தொங்கிக்கொண்டிருந்தது.