மதிலோரத்து டேலியா

எங்கள் மகள் கம்சாயினி சென்ற ஆண்டு மாசி மாதம் மலைநாட்டில், பண்டாரவளையில் இறந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு முதல் நியமனம். மூன்று நாள் காய்ச்சல். செட்டிபாளையத்திலிருந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்கு முந்திய தீபாவளிக்கு வந்தபோது ஒரு டேலியாக் கன்றைச் சட்டியோடு மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்திருந்தாள். "இந்த வெக்கைக்கு இது நிக்காது புள்ள" என்றேன். நின்றது. தைப்பொங்கலுக்குக் கருஞ்சிவப்பில் நான்கு பூ. போனில் அனுப்பிய படத்தில்தான் அவற்றை அவள் கண்டாள்.

சித்திரை வெயிலில் செடி காய்ந்து சாய்ந்தது. என் மனைவி சீதேவிப்பிள்ளை அதுவரை யாரோடும் பேசாமல் கிடந்தவள். அன்று சட்டியருகே வந்து நின்று, "வருசம் முடியிற ஆட்டைத் திவசத்துக்கு இதில பூ எடுத்து அவள்ற படத்துக்கு வைக்கோணும். வேற ஒண்டும் எனக்கு வேணாம்" என்றாள்.

தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவன் நான். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. சட்டியைக் கவிழ்த்தேன். ஒரே தண்டின் அடியில் கொத்தாக ஏழு கிழங்குகள். ஒரு செடியை ஏழாக்கலாம் என்று மனம் துள்ளியது. இராசவள்ளிக் கிழங்கை எப்படி வெட்டி நடுவோமோ அப்படியே செய்தேன். கிழங்குகளைத் தண்டிலிருந்து வெட்டிப் பிரித்து, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் பூசி, நிழலில் மணலுக்குள் புதைத்து வைத்தேன். மிஞ்சிய தண்டையும் அடிக்கட்டையையும் சருகோடு கூட்டிக் கொளுத்தினேன்.

ஐப்பசி மழையோடு இரண்டைச் சட்டிகளிலும் ஐந்தை மதிலோரப் பாத்தியிலும் நட்டேன். சீதேவி காலையும் மாலையும் அவற்றின் முன்னால் குந்தியிருப்பாள். பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னகா, அடைக்கோழி மாதிரிக் குந்திக்கிட்டிருக்காய்? அவிச்சிச் சம்பலோட திண்டிருந்தா இந்நேரம் செமிச்சிருக்கும்."

"திண்டா மறுகா பூ வயித்துக்குள்ளயா வரும்?" என்றாள் சீதேவி.

ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்று கண்டேன்.

கார்த்திகை போனது. மார்கழியும் போனது. ஒன்றும் முளைக்கவில்லை. மண்ணை விரலால் கிளறிப் பார்த்தேன். கிழங்கு அழுகவில்லை, நட்ட அன்று போலவே திண்மையாக இருந்தது. அதை நம்பித்தான் இன்னும் காத்திருந்தோம். தை நடுவில் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு, காத்தான்குடியில் பூங்கன்று விற்கும் அசனாரிடம் போனேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்டோட ஒட்டியிருந்த கழுத்து எங்க ஐயா?"

"வெட்டிப்போட்டன், அசனார் நானா."

"இது ராசவள்ளி இல்லையே. இதுக்கு முளை வாற கண்ணு முழுக்க அந்தக் கழுத்திலதான். அது இல்லாட்டி கிழங்கு மண்ணுக்குள்ள சும்மா கிடக்கும். முளைக்காது."

"ஒண்டுகூடவா?"

"அந்த அடிக்கட்டை கிடந்தாக் கொண்டுவாங்க, பாப்பம்."

அதைத்தான் எரித்துவிட்டேனே. கிழங்கைத் திரும்பத் துணியில் சுற்றினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மலைநாட்டிலிருந்து இறக்கிய வேறு டேலியாக்கள் பின்னால் நிற்பதாகவும் சிவப்பும் உண்டு என்றும் சொன்னார். வேண்டாம் என்றேன்.

திவசத்துக்கு இருபத்தாறு நாள் இருந்தது. வராத பூவுக்கு அவள் காத்திருக்கக் கூடாதென்று, வீட்டுக்கு வந்ததும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். எரித்ததையும் சொன்னேன். சீதேவி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவள் கொண்டுவந்தது சருகோட எரிஞ்சு போச்சு."

"ஓம்."

"நீங்கதான் பத்தவச்சீங்க."

"ஓம்."

பாத்தியடிக்குப் போய்க் குந்தினாள். பிறகு, "எனக்கு இதச் சொல்லாம இருந்திருக்கலாம்தானே. இன்னும் இருவத்தாறு நாள் இருந்திச்சே எனக்கு" என்றாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திவசத்தன்று அவளை எழுப்பிக் குளிக்கவைக்க ஆச்சிப்பிள்ளைதான் வரவேண்டியிருந்தது.