தொண்ணூற்றெட்டு கிராடு

சின்னக்கண்ணுவை நிலத் திருடன் ஆக்கியவன் நான். முத்தியால்பேட்டையில் அவர் குடியிருந்த தெருவில் இன்றைக்கும் அந்தப் பேச்சுதான். அவர் செத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவர் யாருடைய இடத்தையும் எடுக்கவில்லை என்பது போன வியாழக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. அதை அவர் மனைவி ஆயம்மாவிடம் போய்ச் சொல்ல மேலும் நான்கு நாள் பிடித்தது. அந்த நான்கு நாளும் வேறொன்றும் செய்யவில்லை, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ராமலிங்கம். இருபத்தாறு வருடமாகப் புதுச்சேரியில் மனை அளக்கிற தனியார் சர்வேயர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கொஞ்சம் இல்லை, நிறையவே. டேப்பைத் தொய்வாகப் பிடிக்கிறவனை நடுத்தெருவில் வைத்துத் திட்டுவேன். பிறத்தியார் தப்பு என்றால் எனக்கு அப்படியொரு கண் பார்வை.

மூன்று வருடத்துக்கு முன் தெய்வசிகாமணி என்பவர் வந்தார். சின்னக்கண்ணுவின் பக்கத்து மனையைப் புதிதாக வாங்கியிருந்தார். மாடி வீடு கட்டுவதற்கு முன் எல்லையைக் காட்ட வேண்டும் என்றார். அவர் கையில் இருந்தது பிரெஞ்சுக்காரன் காலத்து வரைபடத்தின் நகல். நகலென்ன நகல், நகலுக்கு நகல். மூலத்தில் பாதி கிழிந்துபோய், தெருப் பக்கத்து மூலை ஒன்றும் பக்கக் கோட்டின் நீளமும் மட்டும் தெளிவாக இருந்தன. அவர் மனையின் அந்த மூலைக்குள் 98,00 என்று எழுதியிருந்தது. புள்ளி வைக்கிற இடத்தில் பிரெஞ்சுக்காரன் கமா போடுவான். அது தெரிந்தவன் என்று எனக்கு ஒரு கர்வம் வேறு. எண்ணின் தலையில் டிகிரி வட்டம் இல்லை. அந்த வட்டத்தை நானே மனசுக்குள் போட்டுக்கொண்டேன்.

கோணமும் தூரமும் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவியை மூலையில் நிறுத்தி, தெருக்கோட்டிலிருந்து தொண்ணூற்றெட்டு டிகிரி திருப்பினேன். செங்கோணத்தைவிட எட்டு டிகிரி கூடுதல். சின்னக்கண்ணுவின் சுவர் தெருவுக்குச் செங்கோணமாக நேரே போயிற்று. என் கோடோ சுவரை விட்டு விலகி அவர் வீட்டுக்குள் நுழைந்தது. அறுபது அடி உள்ளே போனபோது விலக்கம் எட்டரை அடி. அவருடைய பின்னறை, ஓர் ஆள் படுக்கிற இடம் போக, மொத்தமும் தெய்வசிகாமணியின் பக்கம் போய்விட்டது.

வேலை பார்த்த பஞ்சாலை மூடியபோது கிடைத்த பணத்தில் சின்னக்கண்ணு தன் கையால் கட்டிய அறை அது. என் பக்கத்தில் வந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"சார், இன்னொரு வாட்டி பாத்துடுங்களேன். நானே நூலு புடிச்சி கட்டுன செவுரு இது."

"பெரியவரே, இது மெஷினு. உங்க நூலு இல்ல" என்றேன். பத்துப் பேர் நின்றார்கள். சிரித்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அந்த ஆள் வழக்குக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார். கோர்ட்டு வேறு ஆளை அனுப்பியிருக்கும், முழு வரைபடத்தைக் கேட்டிருக்கும். அவர் போகவில்லை. படித்தவர் அளந்து சொன்னார், அப்புறம் நான் என்ன பேச என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமே அறையைத் தானே இடித்தார். பிறகு தெய்வசிகாமணியின் வீட்டு வாசலுக்குப் போய், தெரியாமல் உங்கள் இடத்தில் இத்தனை வருடம் இருந்துவிட்டேன் என்று கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அதைத் தெய்வசிகாமணி டீக்கடையில் பெருமையாகச் சொன்னார். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? தெருவில் சின்னக்கண்ணுவுக்கு 'எட்டரை' என்று பெயர் விழுந்தது. ஆளாளுக்கு, அவர் காதில் விழும்படியே கூப்பிட்டார்கள். அடுத்த வருடம் அவர் போய்ச் சேர்ந்தார்.

போன வியாழக்கிழமை ஜெய்னுலாபுதீன் பாய் வீட்டில் வேலை. அண்ணன் தம்பிகள் மனையைப் பாகம் பிரிக்கிறார்கள். பாய் கொடுத்த வரைபடமும் பிரெஞ்சுக் காலத்ததுதான், ஆனால் முழுசாக நான்கு மூலையும் இருந்தது. 102, 97, 105, 96. நாற்கரத்தின் நான்கு கோணமும் சேர்ந்தால் முன்னூற்று அறுபது என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கூட்டிப் பார்த்தேன். நானூறு வந்தது.

"நானூறு வருது பாய். எவனோ கண்ண மூடிக்கினு எழுதியிருக்கான்" என்றேன்.

பாய் சிரித்தார். "நானூறுதான் சார் வரணும். பிரெஞ்சு ஸ்கூல்ல எங்களுக்கு கிராடுன்னு சொல்லிக் குடுத்தாங்க. முழு வட்டம் நானூறு, செங்கோணம் நூறு. அவன் எல்லாத்தயும் நூறு நூறாத்தான் வெட்டுவான்."

எனக்குத் தெரியாத சங்கதியா இது? கால்குலேட்டரில் டிகிரி, ரேடியன், கிராடு என்று மூன்றும் இருக்கின்றன. பாலிடெக்னிக் பரீட்சையில் கை தவறி கிராடை அழுத்தி, ஒரு தாள் முழுக்கக் கோட்டைவிட்டவன் நான். பத்து கிராடுக்கு ஒன்பது டிகிரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தெரிந்து என்ன பிரயோஜனம்.

பாய் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தொண்ணூற்றெட்டை ஒன்பதால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் எண்பத்தெட்டே கால் டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. செங்கோணத்தைவிடக் குறைவு. கோடு சாய்வது சின்னக்கண்ணுவின் பக்கமே இல்லை, தெய்வசிகாமணியின் பக்கம். இடித்த அறை முழுவதும் சின்னக்கண்ணுவுடையது. அதையும் தாண்டி, பின்கோடியில் கிட்டத்தட்ட இரண்டடி அவருடைய மண்தான்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய ஆனைக்கு அடியில் யார் கிடந்தார்கள் என்று எவனும் கேட்பதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம்தான் அதிகம், லைசென்ஸ் போய்விடும் என்று. அந்தப் பயத்தில்தான் நான்கு நாள் ஓடியது.

திங்கட்கிழமை காலை போனேன். தெய்வசிகாமணியின் மூன்று மாடி, ஆயம்மாவின் வீட்டு ஓட்டுக்கூரையை ஒட்டி நின்றது. ஆயம்மா குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"என்னா சார், மறுபடியும் அளக்கவா? அளக்க இன்னும் என்னா இருக்குது இங்க?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கைச் சொல்லவில்லை. நான் தப்பாக அளந்தேன், அறை உங்களுடையது, அவர் யாருடைய இடத்தையும் எடுக்கவில்லை, அவ்வளவுதான் சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த கடிதத்தைக் கொடுத்தேன்.

"இத வச்சி கேஸ் போடலாம்மா. எங்க வேணாலும் வந்து தப்பு என்னுதுன்னு சொல்றேன். தெருவுல நின்னு சொல்லச் சொன்னாலும் சொல்றேன்."

பாத்திரத்தால் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார்.

"செவுத்துக்கு அந்தாண்டயும் நம்புளுது ரெண்டடி கெடக்குதுன்னு அவரு சொல்வாரு. சண்ட வேணாம்னு வுட்டுட்டேம்பாரு. நான் நம்புல."

"அது நெசந்தாம்மா."

"நெசமா?"

"நெசம்."

ஆயம்மா குழாயடிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான்தான் போய் மூடினேன்.

"சாவுற அன்னிக்கு தண்ணி கேட்டாரு சார்" என்றார். "ஊரான் எடத்த எட்டரையடி எடுத்துக்கத் தெரிஞ்சிதுல்ல, ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்கத் தெரியாதான்னு கேட்டுட்டு, நான் பாட்டுக்கு அடுப்பாண்டயே நின்னுட்டேன். சோறு வடிச்சிட்டு வந்து பாத்தா மூச்சு இல்ல."

"அது என் தப்பும்மா. உங்க தப்பு இல்ல."

"தெருவே சொல்லிச்சு, அதெல்லாம் தாங்கிக்கினாரு. ஊட்டுக்குள்ள சொன்னது நானு. ஒரு வருசமா, சோறு போடும்போதெல்லாம் சொன்னேன்."

ஆயம்மாவுக்கு நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன், மடையன்.

ஆயம்மா கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. நான்காக மடித்தபடியே என்னிடம் திருப்பி நீட்டினார்.

"இத எடுத்துக்கினு போயிடுங்க சார். யாராண்டயும் சொல்லாதீங்க. அவரு திருடனாவே இருக்கட்டும். இல்லன்னா நான் எப்பிடி இந்த ஊட்டுல இருப்பேன்?"

நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஆயம்மா நீட்டிய கையை இறக்கவும் இல்லை.