ஏழு அமுங்கவில்லை

முப்பது பாகைக்கு சைன் அரை. அது ஜெயனிக்கு நித்திரையிலும் தெரியும். கையிலிருந்த கல்குலேற்றரோ கழித்தல் குறியோடு வேறெதையோ காட்டியது.

நில அளவைப் பரீட்சை இன்று காலை. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவளுக்கு இதுதான் கடைசித் தடவை.

"ஆர் என்ரை கல்குலேற்றரிலை கை வைச்சது?"

முகம் வழித்துக்கொண்டிருந்த கணவன் கோகுலன், பற்றரி முடிஞ்சிருக்கும் என்றான். பற்றரி செத்தால் ஒன்றுமே காட்டாது, தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு வழியுங்கள் என்று சொல்லிவிட்டு, ஷிப்ட், ஒன்பது, மூன்று, சமன் என்று அடித்து மாறிப்போன அமைப்பெல்லாவற்றையும் அழித்தாள். முப்பதைப் போட்டாள். அரை வந்தது. மூச்சும் வந்தது.

அடுத்து நாற்பத்தேழு. நான்கு விழுந்தது. ஏழு அமுங்கவில்லை. கல்லுப்போல் நின்றது.

யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஏழைச் சுற்றி மஞ்சள் விளிம்பு. மணந்து பார்த்தாள். சந்தனம்.

நேற்றுச் சரசுவதி பூசைக்குப் புத்தகங்களையெல்லாம் சாமியறையில் அவளேதான் அடுக்கினாள். கல்குலேற்றரை மட்டும் பையின் அடியில் வைத்து, இதை எடுக்க வேண்டாம் என்று மாமியாரிடம் வாய்விட்டுச் சொல்லியும் இருந்தாள்.

மாமியார் நல்லம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள்.

"ஓம் பிள்ளை, நான்தான் எடுத்து வைச்சனான். ஈரச்சீலையாலை வடிவா அமத்தித் துடைச்சு, சந்தனம் குங்குமம் எல்லாம் வைச்சனான். உன்ரை சோதினைக்குத்தானே."

ஜெயனி கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்கள் கண்டனீங்களோ?"

"கண்டனான். சொன்னால் சண்டை வருமெண்டு விட்டிட்டன்."

"இப்ப வராமல் விட்டிட்டுதோ?"

பை வாரில் குத்தியிருந்த சட்டைப்பின்னைக் கழற்றி, ஏழின் இடுக்கைக் கிண்டத் தொடங்கினாள். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உதிர உதிர அவள் வாயும் ஓயவில்லை. இந்த வீட்டில் தன் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்றாள். சோதினை எழுதப்போவது தானே தவிர சரசுவதி இல்லை என்றாள். கோகுலன் புதிதாக ஒன்று வாங்கி வாறன் என்றதற்கு, இந்த நேரத்தில் எந்தக் கடைக்காரன் உங்களுக்காகத் திறந்து வைத்திருக்கிறான் என்று கேட்டாள். கிண்டித் தரட்டோ என்று அவன் நீட்டிய கையைத் தட்டிவிட்டாள்.

கடைசியில் ஏழு அரைமனதாக உள்ளே போய், மெல்லத் திரும்பி வந்தது. நாற்பத்தேழு விழுந்தது. அவள் பையைத் தூக்கினாள்.

கோகுலன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். வாசல் படலையடியில் சந்தனக் கும்பாவோடு நல்லம்மா நின்றாள். ஜெயனி கல்குலேற்றரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் நீட்டினாள்.

"நெத்தியிலை வையுங்கோ மாமி. இதிலை பட்டன் ஒண்டும் இல்லை."

நல்லம்மா வழமையிலும் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள்.

நல்லூர்ப் பரீட்சை மண்டபம் வரும்வரைக்கும் ஜெயனி கணவனின் முதுகுக்குப் பின்னால் ஏழை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே போனாள்.