இடது கைக்காகக் காத்திருந்த ஜாடி

முப்பத்தெட்டாம் வருசம் கொல்லிமலைப் பெரக்கரை நாட்டில் நான் காட்டிலாகா வாட்சர். பென்ஷன்காரன் பொய் சொல்லமாட்டேன். கொஞ்சம் ஊதிப் பெருக்குவேன், அவ்வளவுதான்.

கோயில் மிளகு மூட்டை காணாமல் போனது. கோயில் கூட்டும் கண்ணாயிதான் எடுத்தாள் என்றார் மிளகுத் தரகர் சென்றாயன். நிரூபணமானால் அவளை நாட்டைவிட்டே தள்ளிவைப்பார்கள்; அடுப்புக்கு நெருப்புகூட யாரும் தரமாட்டார்கள்.

சென்றாயன் சேலத்து வித்தைக்காரனிடம் ஒரு கண்ணாடி ஜாடி வாங்கி வந்திருந்தார். உள்ளே ஈயத்தகடு, வெளியே ஈயத்தகடு, உச்சியில் பித்தளைக் குண்டு. கண்ணாடிச் சக்கரத்தைச் சுற்றி மின்சாரம் ஏற்றினால், உள்தகட்டில் ஒரு வகை, வெளித்தகட்டில் எதிர்வகை. ஒன்றையொன்று இழுக்கும்; நடுவே கண்ணாடி விடாது. இரண்டும் அப்படியே பதுங்கிக் கிடக்கும். ஒரு கை வெளித்தகட்டில், மறுகை குண்டில் பட்டால் தீர்ந்தது! முந்தின நாள் எதற்கென்று சொல்லாமல் என்னைத் தொடவைத்தார். மலைக்குக் கீழே பேளுக்குறிச்சிச் சந்தைவரை பறந்துபோய், வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

மறுநாள் கோயில் வாசலில் காய்ந்த பலகைமேல் அதே ஜாடி.

"இது யாரைக் கடிக்குதோ அவங்கதான் திருடங்க!" என்றார் சென்றாயன்.

"அது வந்துங்க..." என்று எழுந்தேன்.

"வெளியூர்க்காரரு உக்காருங்க," என்றார் ஊர்க்கவுண்டர்.

சென்றாயன் குழைந்தார். "ஒரு கையில ஜாடியைப் பிடி, கண்ணு. மறுகையில குண்டைத் தொடு."

கண்ணாயி கவுண்டரைப் பார்த்தாள். "ஏனுங்க, சாமி முன்னால சத்தியத்துக்குப் பீச்சாங்கையை நீட்டச் சொல்றீங்களா?"

கூட்டம் முணுமுணுத்தது. "அவ சொல்றது நாயம்," என்றார் கவுண்டர். "சோத்துக்கை மட்டும் போதும்."

இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டாள். வலது விரல் குண்டை நெருங்கியது. கொல்லிமலையே மூச்சுவிட மறந்தது. அருவிகூட நின்றுவிட்டது என்பேன்.

தொட்டாள்.

எறும்புக்கடி அளவுகூட இல்லை. வெளித்தகட்டை யாரும் தொடவில்லையே, உள்ளேயிருப்பது எந்த வழியாக அங்கே போய்ச் சேரும்?

சென்றாயனுக்கு முகம் கறுத்தது. "சரக்கு தீந்திருச்சா? இருக்காதே!" பதறி, இடக்கையால் ஜாடியைத் தூக்கி, வலக்கையால் குண்டைத் தொட்டார்.

சடார்!

ஆளைக் காணோம். மாட்டுத்தொட்டிக்குள் மல்லாந்து கிடந்தார்.

"கடிச்சிருச்சுங்க," என்றார் கவுண்டர் மெதுவாக.

"ஐயோ, இல்லீங்க! ரெண்டு தகடுங்க, நடுவுல கண்ணாடிங்க... ரெண்டு கையும் பட்டா யாரா இருந்தாலும் அடிக்குமுங்க!"

கண்ணாயி அவரை நேராகப் பார்த்தாள்.

"அப்ப என்னைய ரெண்டு கையாலயும் தொடச் சொன்னது எதுக்குங்க?"

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சென்றாயன் ஊட்டுப் பக்கம் நடந்தார். எல்லாருக்கும் முன்னால் ஓடியவள் கண்ணாயி. கோயில் மிளகின் வாசனை தெருமுனைக்கே வந்து எங்களை வரவேற்றது.