கையில் ஒரு சிவப்பு வட்டம்

பல்கலைக்கழகத்தில் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று சிடுமூஞ்சி சொன்ன அன்று வீட்டில் யாரும் வாழ்த்தவில்லை. வாழ்த்துகிற பழக்கம் அந்தக் குடும்பத்துக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அப்பாவின் அண்ணன், அதாவது அவளுடைய பெரியப்பா, சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஊரான் பீ மூத்திரம் அள்ளுறதுக்கு எதுக்குடி யூனிவர்சிட்டி?"

பெரியம்மா சிரித்தாள். அவர்கள் பெற்ற ஒரே பிள்ளை சிரித்தான். அவன் ஏதோ ஒரு கம்பெனியில் மேனேஜர். வீட்டிலும் அவனை மேனேஜர் என்றே கூப்பிடுவார்கள். அவனும் வெட்கமில்லாமல் திரும்பிப் பார்ப்பான். அப்பா மட்டும் பாதி சிரித்தார். அண்ணன் சொன்னதற்குச் சிரிக்காமல் இருக்கும் தைரியமும் அவருக்குக் கிடையாது, மகளை எதிரில் வைத்துக்கொண்டு முழுதாகச் சிரிக்கும் தைரியமும் கிடையாது.

அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்ததும் இந்தக் கும்பல்தான். ஐந்து வயதில், எல்லோரும் சிரித்த ஒரு ஜோக்குக்கு அவள் சிரிக்கவில்லையாம். அந்த ஜோக் இன்றைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது. இன்றைக்கும் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது, பெரியப்பா குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சு குழறிற்று. ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் பேசின பேச்சுக்குக் கடவுள் கூலி கொடுத்துவிட்டார் என்று சிடுமூஞ்சி நினைக்கவில்லை. கடவுள் அவ்வளவு வேலைவெட்டி இல்லாதவர் அல்ல என்பது அவள் எண்ணம். அவளுக்குத்தான் தலைக்கு மேல் வேலை இருந்தது.

வகுப்பு தொடங்குவதற்குள் ஆயிரம் ஏற்பாடு. சீருடைக் கால்சட்டை ஒரு சாண் நீளமாக வந்திருந்தது. அம்மா அதை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஷூ வெள்ளையாக இருக்க வேண்டும், ஓட்டை இருக்கக் கூடாது, துடைத்தால் கறை போக வேண்டும். கடைக்காரர் ஏதேதோ ஓட்டை போட்ட ஷூவைக் காட்டி, "காத்தோட்டமா இருக்கும்மா" என்றார். மேலே ரத்தம் சிந்தினால் உள்ளேயும் காற்றோட்டமாகப் போகும் என்றாள் இவள். அவர் அந்த ஷூவைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். முதலுதவி வகுப்பில் ரப்பர் பொம்மையின் நெஞ்சை இவள் அமுக்கின அமுக்கலைப் பார்த்துவிட்டு, "யாரை மனசுல வச்சுக்கிட்டு அமுக்கறீங்க?" என்று பயிற்சியாளர் கேட்டார். ஒரே ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்களுக்கு அநியாயம் செய்ததாகிவிடும் என்று அவள் சும்மா இருந்துவிட்டாள்.

கடைசியாக மிஞ்சியது காசநோய்ச் சோதனை, அதாவது டிபி டெஸ்ட். நோயாளிகளைத் தொடப்போகிற மாணவர்கள் எல்லோருக்கும் அது கட்டாயம். முன்னங்கையில், தோலுக்கடியில், ஒரு துளி மருந்தை ஊசியால் ஏற்றிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போய்க் கையைக் காட்ட வேண்டும். நாள் தப்பினால் அது செல்லாது, மறுபடி முதலிலிருந்து. இவளுக்குப் புதன்கிழமை காலை ஊசி போட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை மாணவர் கிளினிக் மூடுவதற்குள் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் திங்கட்கிழமை வகுப்பில் உட்கார விடமாட்டார்கள். இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வாசலில் எத்தனையோ பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புதன்கிழமை மாலைதான் பெரியம்மா வந்து நின்றாள். பெரியப்பாவைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டானாம். சொல்லிக்கொண்டு போகிற அளவுக்கு அவனை யாரும் மனுஷனாக நடத்தவில்லை என்பது வேறு கதை. அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், சாப்பாடு மாடிப்படியில்.

"ரெண்டே ரெண்டு நாளு வந்து இரு. நீதான் நர்ஸாச்சே. பழகின மாதிரியும் இருக்கும்," என்றாள் பெரியம்மா.

நாலு மாதத்துக்கு முன் பீ அள்ளப் போகிறவள், இன்றைக்கு நர்ஸாச்சே. இந்த நாக்கு எப்படித்தான் இப்படிப் புரள்கிறதோ என்று சிடுமூஞ்சி அதிசயப்பட்டாள். அப்பா, பெரியவங்க கேக்கறாங்க என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் கிளம்பினாள். பாசமெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பிவிடுவேன் என்று மட்டும் அழுத்திச் சொன்னாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

பெரியப்பாவின் அறையில் நுழைந்ததுமே முகத்தில் எலுமிச்சை வாசனை அடித்தது. அது மேனேஜரின் கைங்கரியம். தகப்பனுக்கு அவன் செய்கிற பணிவிடை, வாசலில் நின்று உள்ளே ஸ்பிரே அடிப்பது. காலையில் ஒரு தரம், ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு தரம். பெரியம்மா வாசலைத் தாண்டி ஓரடி வருவாள், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. கட்டில் வரை வருகிற வழி அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சிடுமூஞ்சிக்கு மட்டும் என்ன தெரியும்? போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, துடைத்து, ஈரம் ஒற்றி, விரிப்பைப் பாதி சுருட்டி, மறுபக்கம் புரட்டி உருவ வேண்டும். முதல் தடவை பாதியில் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துக்கொண்டு, கண்ணாடியில் தன்னைப் பார்த்து, 'இதுக்குள்ளயேவா?' என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்து மீதியை முடித்தாள். அந்த நேரம் முழுக்கப் பெரியப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சொன்னதை இருவருமே மறக்கவில்லை. அவருடைய இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து, புண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போடணும் என்று பெரியம்மாவிடம் சொன்னாள். அப்படியா என்று கேட்டுவிட்டுப் பெரியம்மா டிவி பார்க்கப் போனாள்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில்தான் விஷயம் வெளியே வந்தது. மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆபீஸில் மீட்டிங் நடத்துகிற தோரணையில் ஆரம்பித்தான். பல்கலைக்கழகத்துக்கு அவனே போன் போட்டு விசாரித்தானாம். சேர்க்கையை ஒரு வருஷம் தள்ளிவைக்க முடியாது என்றார்களாம்.

"அதனால என்ன, அடுத்த வருஷம் திரும்ப அப்ளை பண்ணிக்கோ. சீட்டு எங்க ஓடிப்போகுது?" என்றான். "சித்தப்பாகிட்டயும் பேசிட்டேன். சரின்னுட்டாரு."

ஒரு வருஷம் வீட்டிலேயே பழகிக்கொண்டு போனால் அங்கே முதல் மார்க் வாங்கலாமே என்று பெரியம்மா எடுத்துக்கொடுத்தாள். இந்த வீட்டில் ஒரு வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று சிடுமூஞ்சிக்குத் தெரியும். மேனேஜர் பிறந்தபோது ஒரு மாத ஒத்தாசைக்கு வந்த பெரியம்மாவின் தங்கை, அவனுக்கு மீசை முளைத்த பிறகுதான் தன் வீட்டைப் பார்த்தாள். அப்பாவுக்குப் போன் போட்டாள். ஒரு வருஷம்தானேம்மா என்று அவர் இழுத்தார். அதற்கு மேல் கேட்கப் பிடிக்காமல் போனை வைத்துவிட்டாள். ஊசி போட்ட இடம் வேறு நமைச்சல் எடுத்தது. சொறியக் கூடாது என்று சொல்லியிருந்தும் ராத்திரி தூக்கத்தில் பறண்டி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பெரியம்மா வழியை மறித்தாள். சாயங்காலம் மேனேஜரின் முதலாளி நலம் விசாரிக்க வருகிறாராம். அவர் வருகிற நேரத்தில் அறை நாறினால் பிள்ளையின் மானம் போய்விடும். அவர் வந்து போகிற வரைக்கும் இரு என்றாள். கிளினிக் மூடிவிடும் என்று இவள் சொன்னாள். திங்கட்கிழமை போனால் ஆகாதா என்றான் மேனேஜர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். எல்லாம் தெரிந்தே கேட்கிறான் என்பது அவன் உட்கார்ந்திருந்த தினுசிலேயே தெரிந்தது.

சண்டை போடத்தான் சிடுமூஞ்சி சட்டைக் கையை மடித்துவிட்டாள். முன்னங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு வட்டம்.

"என்னடி அது கையில?" என்றாள் பெரியம்மா.

"டிபிக்கு."

சோதனை போட்டது என்று அவள் முடித்திருப்பாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் பெரியம்மா சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள். கைக்குட்டை மூக்குக்கு ஏறிற்று. மேனேஜர் சோபாவிலிருந்து எழுந்த வேகத்தில் போனைக் கீழே போட்டான். எடுக்கக் குனியவில்லை, ஏனென்றால் அது இவள் காலடியில் கிடந்தது. இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. சிடுமூஞ்சி அவர்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

"எங்க தட்டுல சாப்பிட்டியேடி," என்றாள் பெரியம்மா.

"கிளினிக்குக்குப் போகட்டுமா?"

"போ. ஒடனே போ. எதையும் தொடாத."

மேனேஜர் டிஷ்யூ பேப்பரால் தாழ்ப்பாளைப் பிடித்துக் கதவைத் திறந்துவிட்டான். மூன்று நாளில் அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். உனக்கு என்னடி ஆச்சு, இருமுகிறதா, காய்ச்சல் உண்டா என்று ஒரு வாய் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அடக்க முடியாமல் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

கிளினிக் நர்ஸ் அவள் கையை வாங்கி, சிவப்பைப் பார்க்கவே இல்லை. விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.

"சிவப்பு கணக்கில்ல. தடிப்பு இருந்தாத்தான் கணக்கு. உனக்கு ஒண்ணுமில்ல," என்றாள். "சொறிஞ்சியா?"

"தூக்கத்துல."

"நாளைக்கு நோயாளிகிட்ட இதையேதான் சொல்லப் போற, சொறியாதேன்னு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சிடுமூஞ்சிக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. வழக்கத்தை விடாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அப்பாவிடம் இரண்டே வாக்கியம் பேசினாள். எனக்கு நோய் இல்லை, திங்கட்கிழமை போகிறேன். அப்பா தலையை ஆட்டினார். யார் சொன்னாலும் ஆட்டுகிற தலை, முதல் தடவையாக அவளுக்கு உபயோகப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை, இஸ்திரி போட்ட சீருடையை மாட்டிவைத்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா போன் செய்தாள். டெஸ்டில் என்ன வந்தது என்று கேட்டாள். ஒன்றுமில்லை, அது நோயே இல்லை, ஊசி போட்ட தடம் என்றாள் இவள். அங்கே ஒரு பெருமூச்சு கேட்டது. நாங்கள் டெஸ்ட் எடுக்க வேண்டாம்தானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

"அப்ப இப்பவே கெளம்பி வா. அந்த ரூமுக்கு ரெண்டு நாளா யாருமே போகல."

"யாருமேன்னா?"

"நீ தொட்ட பெட்ஷீட்டுல்ல அது? யாரு போவா? சாப்பாட்டை ஸ்டூல்ல வச்சு தொடப்பக் கட்டையால தள்ளி விட்டோம். இடது கை நல்லாத்தானே இருக்கு."

வெள்ளிக்கிழமை அவள் முழுங்கின ஒரு வார்த்தைக்கு விலையாக, அந்த மனிதர் இரண்டு நாளாக அதே விரிப்பில் கிடந்திருக்கிறார். இவர்கள் இப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவரை நினைக்கவில்லை. பஸ்ஸில் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. கிளம்பினாள்.

எலுமிச்சை வாசனை மாடிப்படி வரைக்கும் வந்தது. அதற்கு அடியில் இருந்த நாற்றமும் வந்தது. அறைக்குள் போகுமுன் மேனேஜரைக் கூப்பிட்டாள். மீட்டிங் இருக்கிறது என்றான். ஞாயிற்றுக்கிழமையா என்று கேட்டாள்.

"நீ வந்து பிடிக்கலைன்னா நான் இப்பவே திரும்பிப் போறேன்ணா."

வந்தான். கையுறையைக் கொடுத்தாள், இடதை வலதில் மாட்டிக்கொண்டு நின்றான். கழற்றி மாட்டச் சொன்னாள். தோளைப் பிடிக்கச் சொன்னாள், இடுப்பைப் பிடிக்கச் சொன்னாள், புரட்டச் சொன்னாள். இடுப்பில் தோல் கிழிந்து புண்ணாகியிருந்தது. அதைப் பார்த்ததும் மேனேஜர் முகத்தைத் திருப்பினான். பார், இந்தப் புண் நீ, நான், பெரியம்மா மூன்று பேரும் சேர்ந்து உண்டாக்கினது, நாளைக் காலையில் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டு என்றாள். துடைக்கிற துணியை அவன் கையிலேயே கொடுத்தாள். இரண்டு தடவை ஓங்கரித்தான். வாந்தி வந்தால் எடுத்துவிட்டு வா, எல்லோருக்கும் வரும், ஆனால் திரும்பி வா என்றாள். திரும்பி வந்தான். பெரியம்மா வாசலில் நின்று, பையா, பார்த்துப்பா, சட்டையில் பட்டுவிடப் போகிறது என்று பதறிக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"மன்னிச்சுக்கோங்க பெரியப்பா," என்றாள் சிடுமூஞ்சி, அவர் காதோரம் குனிந்து. அந்த வீட்டில் அவள் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் ஏதோ குழறினார். புரியவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை.

புது விரிப்புப் போட்டு முடித்ததும் கையுறையைக் கழற்றி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். பையை மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போயிடு," என்றாள் பெரியம்மா.

"நாளைக்கு எனக்கு வகுப்பு. அண்ணனுக்குத்தான் இப்பத் தெரியுமே."

"அவன் மேனேஜர்டி. அவன் போய் இதையெல்லாம் எப்படி..."

"ஏன், இதுக்கு எதுக்கு பெரியம்மா யூனிவர்சிட்டி?"

மேனேஜர் இரண்டு கையாலும் அழுக்குத் தண்ணீர் பேசினைப் பிடித்துக்கொண்டு, உடம்பிலிருந்து எட்ட நீட்டியபடி, அறை நடுவில் நின்றான். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தன் சொந்த வீட்டில் அவனுக்குத் தெரியவில்லை. அவளைப் பார்த்தான். அவள் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினாள்.