மணல் வாளி

“தூக்குமா குடத்த. ஒரே பொண்ணு, நீதான் மொதல்ல ஊத்தணும்” என்று நாகவல்லி அத்தை அவசரப்படுத்தினாள்.

கார்த்திகா குடத்தின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். அப்பாவின் உடலுக்கு ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்த துணியை யாரும் பிரிக்கவில்லை. முகம் மட்டும் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால், அண்ணனூர் ஷெட்டுக்குப் போகும் காலி ரயில் ஊர்ந்தது.

அவள் அப்பா வீரராகவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருடம் டான்டலம் என்ற உலோகத்தை உருக்கியவர். அதே கம்பெனியில் அவள் உலோகக் கட்டிகளை எடைபோட்டு எண் குத்துபவள். திங்கட்கிழமை உலையைத் திறந்தபோது, உள்சுவரில் படிந்திருந்த தூள் பற்றிக்கொண்டது. “மணலு! மணலு!” என்று அப்பா கத்தினார். மணல் வாளி அவள் காலடியில்தான் இருந்தது. அவள் எடுத்து வீசியது, தரை துடைக்க வைத்திருந்த தண்ணீர் வாளியை. எரிகிற தூளில் தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்பது அங்கே பெருக்க வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும்.

பார்த்தவன், அப்பாவோடு உலையில் நின்ற பாண்டியன் ஒருவன்தான். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அம்மா தாட்சாயிணி அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“பாண்டியா, நீ கூடத்தான இருந்த? எவன்டா தண்ணி ஊத்தனது? சொல்றா!”

பாண்டியன் கொண்டுவந்த மாலையைப் போட்டான். அதைச் சரிசெய்தான். பிறகும் நிமிரவில்லை.

“அண்ணாத்தயேதான் ஊத்திக்கினாரு அண்ணி. பதட்டத்துல. ஆஸ்பத்திரில போலீஸ்காரங்ககிட்ட அவரு வாயாலயே சொன்னாரு.”

கார்த்திகாவுக்கு அது புதுச் செய்தி.

“எங்கண்ணனா? சும்மா எதையாவது சொல்லாத” என்றாள் அத்தை.

அம்மா உடலின் பக்கம் திரும்பினாள். “யோவ், சோத்துல கைய வெச்சிகினுகூட மணலு மணலுன்னு பாடம் எடுப்பியே. கடைசீல நீயே ஊத்திக்கினியா? அறிவு கெட்ட மனுசா!”

“அம்மா...” என்றாள் கார்த்திகா.

“இன்னா பாத்துகினு கீற? ஊத்து” என்றாள் அத்தை.

அவள் குடத்தைத் தூக்கினாள். சுடிதாரின் கை முழங்கைக்குச் சரிந்தது. மணிக்கட்டிலிருந்து மேலே வரிசையாகக் கொப்புளங்கள், இரண்டு உடைந்திருந்தன.

அம்மாவின் கண் அங்கே ஒரு கணம் நின்றது.

“அறிவு கெட்ட மனுசா...” ஒப்பாரி அறுபடவில்லை. ஒரு கையால் மார்பில் அடித்தபடியே, மறுகையால் மகளின் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டு, குடம் காலியாகும்வரை அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.